முப்பது மைக்ரான் சாய்வு

எங்கள் தொழிலில் ஒரு படிவம் உண்டு. அனுப்பிய பாகம் சரியில்லை என்று வாடிக்கையாளர் திருப்பிவிட்டால், ஏன் அப்படி ஆயிற்று என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் "மூல காரணம்" என்று ஒரு கட்டம். இத்தனை வருடத்தில் நான் பார்த்த படிவங்களில் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டத்தில் ஒரே வாசகம்தான்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. இயந்திரம் கெட்டிருக்கலாம், வரைபடம் தவறாக இருக்கலாம், கூரை ஒழுகியிருக்கலாம். எழுதுவது என்னவோ இதைத்தான். படிப்பவர்களும் இதை எதிர்பார்த்தே படிக்கிறார்கள். அந்த வாசகத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானே அதை நாலைந்து முறை எழுதியிருக்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கே எழுதப்போவது, அதை இன்னொரு முறை எழுதச் சொல்லி என்னைத் துளைத்தெடுத்த ஒரு வாரத்தைப் பற்றி. நாட்குறிப்பில் அந்த வாரத்துக்கு மட்டும் பதினோரு பக்கம் போயிருக்கிறது. அதில் பாதி வெறும் எரிச்சல். அதைக் கழித்துவிட்டு எழுதப் பார்க்கிறேன்.

பட்டறை திருவொற்றியூரில். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் நிற்கும் வரிசையைத் தாண்டி உள்ளே திரும்பினால் நாலாவது ஷெட். கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷின் இரண்டு, பழைய லேத் ஒன்று, ஏ.சி. போட்ட சின்ன அறை ஒன்று. அந்த அறை என்னுடையது. செய்த பாகங்களை அளந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. முன்பு பம்பு மூடியும் கிரேன் கப்பியும் செய்துகொண்டிருந்தோம். இப்போது இரண்டு வருடமாக ட்ரோன் பாகங்கள்.

கல்யாண மண்டபத்தில் தலைக்கு மேல் ரீங்காரமிடுகிற கேமரா ட்ரோன் அல்ல. வயலுக்கு மருந்தடிக்கிற பெரிய ட்ரோன். ஆறு கைகளையும் விரித்து வைத்தால் ஒரு ஆட்டோ நிற்கிற இடம் வேண்டும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு மோட்டார். அந்த மோட்டார் உட்காருகிற அலுமினிய இருக்கையைத்தான் நாங்கள் செய்கிறோம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஒரு கனத்த அலுமினியக் கட்டியை எடுத்து, சுவர் ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் மிஞ்சுகிறவரை குடைய வேண்டும். முடித்த பாகம் தொண்ணூற்றிரண்டு கிராமைத் தாண்டக்கூடாது. அடிமுகமும் மோட்டார் உட்காருகிற மேல்முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இருபது மைக்ரான் வரை விலகலாம், அதற்கு மேல் கூடாது. இருபது மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதைத் தாண்டினால் மோட்டார் சாய்ந்து உட்காரும். ட்ரோன் பறக்கத்தான் செய்யும். ஆனால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், அதை நேராக்கி நேராக்கியே பேட்டரி தீர்ந்துவிடும்.

மேல்முகத்தைச் சீவுவதற்குப் பாகத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு பிக்சர் உண்டு. கனமான இரும்புப் பலகை. அதன் மேல் சட்டைப் பொத்தான் அளவில் மூன்று சின்ன மேடைகள், பின்னால் இரண்டும் முன்னால் ஒன்றுமாக. பாகத்தின் அடிமுகம் இந்த மூன்றின் மேல் உட்காரும். போல்ட்டை இறுக்கிவிட்டு மேலே சீவ வேண்டியதுதான். மேடைகள் மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் பாகமும் ஒரே மட்டத்தில் வரும். ஆகவே இணையாக இருக்கிறதா என்று முதல் பாகத்தில் மட்டும் பார்த்தால் போதும், துளையையும் சுவரையும் மட்டும் அஞ்சுக்கு ஒன்று அளக்கலாம் என்று சோதனை அட்டவணையில் நான்தான் எழுதி வைத்திருந்தேன். பிக்சர் இரும்பு. அது எங்கே மாறப்போகிறது என்று நினைத்திருந்தேன்.

அந்த மெஷினை ஓட்டுகிறவள் ராயபுரத்துப் பெண். முப்பதைத் தாண்டியவள். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, மாதா கோயிலில் காலை ஆறு மணிப் பூசைக்குத் தவறாத அம்மா, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். ஆறு வருடத்துக்கு முன் எங்களிடம் பிசிறு எடுக்க வந்தாள். மெஷினில் இருந்து வருகிற பாகத்தின் ஓரங்களில் ஒட்டியிருக்கும் உலோகப் பிசிறைக் கத்தியால் வழித்தெடுக்கிற வேலை அது. நாளெல்லாம் குனிந்த தலை, விரல்களில் வெட்டு. நாலு வருடம் அதைச் செய்துகொண்டே, சாப்பாட்டு நேரத்தில் மெஷின் பக்கத்தில் நின்று நின்று கற்றுக்கொண்டாள். இரண்டு வருடமாக மெஷின் அவள் கையில். அந்த வாரம் பறிபோக இருந்தது அதுதான்.

பாகங்கள் அறுபதும் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வாடிக்கையாளரின் தர அலுவலர் போன் செய்தார். நகரத்தின் தென்கோடியில் ட்ரோனை முழுசாகக் கோர்க்கிற கம்பெனி அது. பேசியவர் ஓர் இளம்பெண். எப்போதும் மரியாதையாகத்தான் பேசுவார். அன்றைக்கும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், இருபத்தெட்டு பீஸ் ரிஜெக்ட். எல்லாமே பேரலலிசம் அவுட், ரெண்டு முகமும் இணையா இல்ல. முப்பது மைக்ரான் வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற கொடுத்தாகணும். காரணம் எழுதின ஃபார்மும் கூடவே வேணும்."

முதலாளி என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வைப்பதற்குள் அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"போல்ட்ட ஒயுங்கா முடுக்கியிருக்க மாட்டா. வேற இன்னா? பொண்ணு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துகினே இருக்குது, பாத்துகினுதானே கீறேன்."

"பாகத்தைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது?" என்றேன்.

"நீ பாருபா. நல்லா லென்ஸ் வச்சி பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபார்மு போவணும், அவ்ளோதான் எனக்கு. ஆபரேட்டர் கவனக்குறைவுன்னு போட்டு, அவள கொஞ்ச நாளு பிசிறு மேசைக்கு அனுப்பிட்டோம்னு எழுது. கதை முடிஞ்சிது."

கொஞ்ச நாள் என்று அவர் சொல்வதற்கு எங்கள் பட்டறையில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு என்று ஷெட்டின் பின்பக்கம் போட்ட தார்ப்பாய் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

திருப்பி அனுப்பிய இருபத்தெட்டும் திங்கட்கிழமை வந்தன. ஒவ்வொரு பாகத்தின் பக்கவாட்டிலும் வரிசை எண்ணை மெஷினே பொறித்துவிடும். அவற்றை கிரானைட் மேசையில் எண்படி அடுக்கினேன். முப்பத்து மூன்றில் தொடங்கி அறுபதில் முடிந்தன, நடுவில் ஓர் எண்கூட விடுபடாமல். முதல் முப்பத்திரண்டும் நல்லவை, அதற்குப் பிறகு எல்லாமே கெட்டவை. மைக்ரான் கணக்கில் முள் நகரும் டயல் கேஜை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாமே ஒரே பக்கம், முன்பக்கம்தான், மெலிந்திருந்தன. எல்லாமே ஏறக்குறைய முப்பது மைக்ரான்.

முதலாளியை அழைத்துக் காட்டினேன். "போல்ட்டைச் சரியாக முடுக்காவிட்டால் ஒன்று இப்படிப் போகும், ஒன்று அப்படிப் போகும். ஒன்று பத்து, ஒன்று நாற்பது. இருபத்தெட்டும் ஒரே மாதிரி கெட்டுப்போவது கவனக்குறைவில் வராது. கவனக்குறைவுக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது."

"அப்ப கவனமா கெடுத்தாளா?" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேசுவதில் பயனில்லை.

வெளியே லேத்தில் நின்றவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வியாசர்பாடிக்காரர், என்னைவிட நாலு வயது பெரியவர், எதையும் கேலி பேசாமல் ஒரு ஷிப்ட் முடிக்க மாட்டார். "மாமு, நீ இன்னாத்துக்கு டயல வச்சிகினு மல்லுக்கு நிக்கிற? திருஷ்டி மாமு. பூசணிக்கா சின்னதா வாங்கினாரு பாரு முதலாளி, அதான்" என்றார். ஆயுத பூஜைக்கு அந்த முறை வாங்கிய பூசணிக்காய் சிறியது என்பது உண்மைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அந்தப் பேச்சில் ஒன்று உறைத்தது. நாட்குறிப்பைப் புரட்டினேன். முப்பத்திரண்டாவது பாகம் முடிந்தது பூஜையன்று மாலை. அதன் பிறகு மூன்று நாள் விடுமுறை. முப்பத்து மூன்றாவது, பட்டறை திறந்த அன்று காலை எடுத்த முதல் பாகம். ஆக, மூடியிருந்த மூன்று நாளில்தான் ஏதோ மாறியிருக்கிறது.

இந்த இடத்தில் என் புத்தி போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தரை இறங்கியிருக்கும் என்று முடிவு செய்தேன். அந்த விடுமுறையில் ஒரு நாள் நல்ல மழை. எங்கள் பக்கம் மண் நம்பத்தக்கது அல்ல. மெஷினின் ஒரு கால் இறங்கியிருந்தால் எல்லாம் ஒரே பக்கமாகச் சாயும் என்று கணக்குப் போட்டேன். செவ்வாய்க்கிழமை முழுக்க மட்டம் பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு மெஷினின் நாலு மூலையிலும் மண்டியிட்டுக் கிடந்தேன். வெளியே ஒவ்வொரு கண்டெய்னர் லாரி நகரும்போதும் குமிழ் ஆடும். ஆட்டம் நிற்கக் காத்திருந்து குறிப்பதற்குள் அடுத்த லாரி நகரும். கடைசியில் மெஷின் ஓர் இம்மிகூட இறங்கவில்லை என்று தெரிந்தது.

அன்றைக்கு அவள் இரண்டு முறை என்னிடம் வந்தாள். முதல் முறை நான் தரையில் கிடந்தேன்.

"அண்ணா, பிக்சர ஒருக்கா கயட்டி பாக்கலாமா?"

"பிக்சருக்கு என்ன? இரும்பு. கழற்றினால் மறுபடி செட் பண்ண அரை நாள் போகும்."

இரண்டாம் முறை சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். "பிக்சராண்டதான் எனக்கு டவுட்டா கீதுண்ணா."

"சந்தேகம் என்றால் காரணம் சொல்ல வேண்டும்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முதலாளி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க இன்னா மாநாடு?" என்றார். அவள் போய்விட்டாள். எனக்கும் அப்போது மட்டம்தான் முக்கியமாக இருந்தது.

புதன்கிழமை மெஷினின் சுழல்தண்டைச் சோதித்தேன். அது நேராக இருந்தது. வெட்டுக்கத்தியை மாற்றி, மிச்சமிருந்த கட்டி ஒன்றில் ஒரு பாகம் எடுக்கச் சொல்லி, அவள் போல்ட் முடுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். போதிய இறுக்கம் வந்ததும் சத்தமிடுகிற டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரே இடத்தில் கிளிக் என்றது. நான் முடுக்கினால்கூட அவ்வளவு சீராக வராது. பாகம் வந்தது. முப்பத்தோரு மைக்ரான் சாய்வு.

முதலாளி அறைக்கு வந்து என் மேசை மேல் அச்சடித்த படிவத்தை வைத்தார். மூல காரணம் என்ற கட்டத்துக்கு நேரே பென்சிலால் ஒரு புள்ளி. எங்கே எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியாதாம்.

வியாழன் காலை, வேறு எதுவும் மிச்சமில்லாததால், பிக்சருக்கு வந்தேன். கழற்றவில்லை. இருந்த இடத்திலேயே டயலை வைத்து மேடைகளை மட்டும் தொட்டுப் பார்த்தேன். பின்னால் இருந்த இரண்டும் பூஜ்யம். முன்மேடையில் முள் முப்பதுக்குப் போய் நின்றது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மேடையின் மேல் பழுப்பும் சிவப்புமாக ஒரு படலம், வார்னிஷ் பூசியது போல. துரு என்றுதான் முதலில் நினைத்தேன். நகத்தால் சுரண்டினேன். சின்னச் செதிலாக ஒன்று பெயர்ந்தது. முகர்ந்தேன். எண்ணெய் வாடைக்கு அடியில் சந்தனம் மணத்தது.

எங்கள் பட்டறையில் ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. "உன் கண்ணுலதான் எதுவும் தப்பாதுபா" என்று சொல்லி முதலாளி சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என்னிடம் கொடுத்துவிடுவார். நானும் பட்டியல் போட்டுக்கொண்டு போவேன். மெஷின் கதவு, லேத், கம்ப்ரஸர், மின்பெட்டி, தீயணைப்பான், வாசலில் நிற்கிற எல்லா ஸ்கூட்டரும். அளக்கிற கருவிகளில் மட்டும் வைக்கக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். ஒரு வருடம் யாரோ மைக்ரோமீட்டரின் வாயிலேயே சந்தனத்தை அப்பி, அதைக் கழுவி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அதிலிருந்து கருவிகள் பெட்டிக்குள், பொட்டு பெட்டி மேல்.

பிக்சருக்குச் சட்டம் எதுவும் போடவில்லை. அன்று மாலை மெஷின் கதவைத் திறந்து, ட்ரோன் வேலையெல்லாம் இதை நம்பித்தானே நடக்கிறது என்று நினைத்து, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று முன்பக்கம் நடுவாக இருந்த மேடையில் ஒரு பொட்டு வைத்தேன். என் மோதிர விரலால், நானே.

அதோடு விட்டேனா? எங்கள் பக்கம் கடல் காற்று. இரும்பை மூன்று நாள் வெறுமே விட்டால் சிவந்துவிடும். அதனால் விடுமுறைக்கு முன் பிக்சர் மேல் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்க வேண்டும் என்பதும் என் சட்டம்தான். சந்தனம், குங்குமம், அதன் மேல் எண்ணெய். தகரக் கூரைக்கு அடியில், மூடிய ஷெட்டின் வெக்கையில், மூன்று நாள் அது இறுகிக் கெட்டியாகியிருக்கிறது. பிறகு இருபத்தெட்டு பாகங்களை அதன் மேல் வைத்து முடுக்கி முடுக்கி, வழவழவென்று அழுத்திவிட்டோம். பாகத்துக்கு அடியில் இருந்ததால், வெட்டும்போது பீய்ச்சுகிற கூலன்ட் தண்ணீரும் அதை எட்டவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். குரல் உயர்ந்துதான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

"திறந்த அன்று காலையில் பிக்சரைத் துடைத்தாயா இல்லையா?"

"தொடச்சேன்."

"பிறகு இது என்ன?"

குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். "பொட்டு."

"அதைத் துடைக்கவில்லையா?"

"பொட்ட எப்டிண்ணா தொடைப்பேன்? போன வருசம் கதவுல இருந்தத தொடச்சிட்டு நா வாங்கிக் கட்டிகினது மறந்துட்சா உனுக்கு? பொட்ட யாரும் தொடக்கூடாது, அதுவா போவணும், அதுவா போனாதான் நல்லதுன்னு அம்மாம் பேரு எதுர முதலாளி சொன்னாரா இல்லியா? அதுலயும் நா தொடச்சேன்னா, பாரு வேதக்காரி வேணும்னே அயிச்சிட்டான்னு ஒரு பேச்சு வரும். எனுக்கு எதுக்கு அந்த பேஜாரு? சுத்தி நல்லா தொடச்சேன். பொட்ட உட்டுட்டேன்."

லேத்தில் இருந்து குரல் வந்தது. "நா அப்டி சொல்ல மாட்டேம்மா. முதலாளிதான் சொல்லுவாரு."

"நீதான் மொதல்ல சொல்லுவ" என்றாள் திரும்பாமலே.

"என்னிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வரவில்லை. "ரெண்டு தபா வந்தேன்ல? பிக்சர பாருன்னு சொன்னேனா இல்லியா? நீ தரைய பாத்துகினு கெடந்த. பொட்டு வச்சவன் நீ. உன்னாண்ட வந்து நீ வச்ச பொட்டாலதான் கெட்டுச்சுன்னு எந்த வாயால சொல்றது? எனக்கே அப்ப நிச்சயமா தெரியாது. ஒரு பொட்டு இவ்ளோ பண்ணும்னு இன்னாத்த கண்டேன்?"

மாட்டிக்கொண்டால் நான் செய்வது எழுதுவதுதான். அறைக்குள் போய்ப் படிவத்தை எடுத்து, மூல காரணம் என்ற கட்டத்தில் பேனாவால் எழுதினேன்: பிக்சரின் முன்மேடையில் பரிசோதகர் வைத்த சந்தனக் குங்குமப் பொட்டு, துருத்தடுப்பு எண்ணெயுடன் சேர்ந்து உலர்ந்து முப்பது மைக்ரான் படலமாகியது, நிர்வாகத்தின் அறிவுறுத்தலால் அது துடைக்கப்படவில்லை, விடுமுறைக்குப் பின் முதல் பாகத்தில் இணைச் சோதனை செய்யப் பரிசோதகரின் அட்டவணையில் இடம் இல்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். சந்தனத்தையும் குங்குமத்தையும் ஆங்கிலத்தில் எழுதியபோது ஏதோ ரசாயனக் கலவை போலவே இருந்தது.

முதலாளி படித்தார். மறுபடி படித்தார். நின்றபடியே மூன்றாம் முறை படித்தார்.

"இன்னாபா இது? சாமிய கொண்டாந்து ரிப்போர்ட்டுல உட்டுகீற?"

"சாமியை விடவில்லை. என்னைத்தான் விட்டிருக்கிறேன்."

"அவங்க கம்பெனில கண்ணாடி கதவுபா. உள்ள போவ காலுக்கு உறை மாட்டணும். பொட்டு வச்சி கெட்டுப்போச்சுன்னு எழுதினா காறித் துப்ப மாட்டான்? ஆபரேட்டர்னு எழுது. நூறு பேர் எழுதறான், நாமளும் எழுதுவோம்."

"எழுதினால் அவளை மெஷினிலிருந்து எடுக்க வேண்டும்."

"ரெண்டு மாசம்."

"அந்த ரெண்டு மாதம் மெஷினை யார் ஓட்டுவது? ஓட்டிப் பழகியவனைப் பிறகு எங்கே அனுப்புவது? அவள் செய்தது நீங்கள் சொன்னதை. பொட்டைத் தொடாதே என்றீர்கள். தொடவில்லை."

"நா கதவுல வச்ச பொட்ட சொன்னேன்யா!"

"கதவு என்று சொல்லவில்லை. பொட்டு என்றுதான் சொன்னீர்கள். போன வருடக் குறிப்பு இருக்கிறது, எடுத்து வரட்டுமா?"

"உன் நோட்டு ஒன்னு" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்து "நிர்வாகத்தின் அறிவுறுத்தலால்" என்ற வரியின் கீழ் ஒரு கோடு போட்டார். "இத்த எடுத்துடு. மத்தத நீ உன் தலமேல போட்டுக்கோ. எனக்கொன்னும் இல்ல."

எடுத்துவிட்டேன். அது முழு உண்மை இல்லைதான். அந்த வரி போனாலும் அவளுடைய இடம் போகாது என்று கணக்குப் போட்டு எடுத்தேன். இதை எழுதும்போதும் அந்தக் கணக்கு எனக்கு உவப்பாக இல்லை.

படிவம் போன ஒரு மணி நேரத்தில் தர அலுவலர் போன் செய்தார்.

"சார், நீங்க எழுதினது... உண்மையிலேயே அதுதானா?"

"அதுதான். படலத்தைச் சுரண்டி ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். வேண்டுமானால் அனுப்புகிறேன்."

"இல்ல சார், வேண்டாம்." சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "இங்கயும் எங்க மெஷர்மென்ட் மெஷின்ல பொட்டு இருக்கு சார். கவர் மேலதான். இப்பப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"நல்லது" என்றேன்.

"ஒரே ஒரு பிரச்சினை சார். ஆபரேட்டர் பேருன்னு ஒரு கட்டம் காலியா விட்டிருக்கீங்க."

"அவருக்கு இதில் சம்பந்தம் இல்லை."

"புரியுது சார். ஆனா அது காலியா இருந்தா சிஸ்டம் எடுத்துக்காது."

"தவறு செய்தவர் பெயர்தானே வேண்டும்? என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "ஓகே சார், எடுத்துக்கிச்சு. இப்ப அடுத்த கட்டம். அந்த நபர் மேல எடுத்த நடவடிக்கை. மூணுல ஒண்ணு சொல்லணும் சார். எச்சரிக்கப்பட்டார், பயிற்சி அளிக்கப்பட்டார், பணியிலிருந்து மாற்றப்பட்டார்."

ஒரு பொட்டுக்காக என்னை நானே பணியிலிருந்து மாற்றிக்கொள்ள முடியாது. என்னை எச்சரிக்கிற வாய்ப்பை முதலாளிக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை. "பயிற்சி" என்றேன்.

"அப்ப பயிற்சி கொடுத்தவர் கையெழுத்து வேணும் சார். பிக்சரைச் சுத்தம் பண்றது எப்படின்னு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்கன்னு. உங்க யூனிட்ல அதுல தேர்ச்சி உள்ளவங்க யாராவது போடலாம். இன்னிக்கே ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டீங்கன்னா குளோஸ் பண்ணிடுவேன்."

எங்கள் பட்டறையில் அந்தப் பிக்சரைத் தினமும் சுத்தம் செய்கிறவர் ஒரே ஒருவர்தான். பயிற்சித் தாளை எடுத்துக்கொண்டு மெஷினுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நா உனக்கு டிரெய்னிங் குட்த்தேன்னு கையெழுத்து போடணும். அதானே?"

"ஆமாம். இங்கே."

"குடுக்காம எப்டி போடுவேன்?"

"அதெல்லாம் சும்மா ஒரு..."

"சும்மால்லாம் போட மாட்டேண்ணா. நீ பாக்காத பாகத்துக்கு என்னிக்காவது கையெழுத்து போட்டுகீறியா?"

முதலாளி தன் அறைக் கதவில் சாய்ந்து நின்றார். லேத் நின்றுபோனது. இருபத்தெட்டு பாகங்களை மறுபடி எடுத்தாக வேண்டும், கெடு மறுநாள், ஒவ்வொரு நிமிடமும் கழிந்துகொண்டிருக்கிறது. எனக்கு ஆத்திரமும் வந்தது, அவள் கேட்டதில் தப்பும் தெரியவில்லை. வாட்சைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

தின்னர் நனைத்த துணியை என் கையில் கொடுத்தாள். "மொதல்ல பின்னாடி ரெண்டு. அப்புறம் முன்னாடி. ஒரே பக்கமா இழு. வட்டமா தேய்க்காத, அழுக்கு அங்கயே சுத்தும்."

துடைத்தேன்.

"துணிய திருப்பு. கலீஜான பக்கத்துலயே தொடைக்கிற பாரு."

திருப்பித் துடைத்தேன். செதில் செதிலாகச் சிவப்பு வந்தது. நான் அழிப்பதை முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

"இப்ப வெரலால தடவு. கையுறைய கயட்டிட்டு. நகம் எங்கனா மாட்டுதா?"

"மாட்டவில்லை."

"டயல வை."

பின்மேடைகள் பூஜ்யம். முன்மேடை மூன்று. மூன்று மைக்ரான் என்றால் எந்தக் கணக்கிலும் போதும், அட்டவணைப்படியும் போதும். சரி என்று நிமிர்ந்தேன்.

"இன்னொரு தபா" என்றாள்.

"மூன்றுதான் இருக்கிறது. ஐந்து வரை விடலாம் என்று..."

"அந்த அட்டவணை எழுதனது யாரு?"

லேத் பக்கமிருந்து ஒரு செருமல் வந்தது. மறுபடி துடைத்தேன். டயலை வைத்தேன். முள் ஆடி, பூஜ்யத்தில் நின்றது. அவள் குனிந்து தன் கண்ணால் பார்த்தாள். நான் வைத்த டயல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தட்டியும் பார்த்தாள். பிறகு தாளை வாங்கி, மெஷின் கதவின் மேல் வைத்து, பயிற்சி அளித்தவர் என்ற இடத்தில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பயிற்சி பெற்றவரின் நிலை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "சுமார்" என்று எழுதினாள்.

"திருத்தமாக எழுது. அது வாடிக்கையாளருக்குப் போகிறது" என்றேன்.

"திருத்தமாத்தான் எய்திகீறேன்" என்று சொல்லிவிட்டு, முதல் கட்டியை எடுத்து மேடைகளின் மேல் வைத்தாள். டார்க் ரெஞ்ச் கிளிக் என்றது. "நவுருண்ணா, கதவ சாத்தணும்."